கப்பலின் எடை

கப்பல் என்ற நாய் உண்ணிக் காய்ச்சலில் செத்துப்போக, தங்கமாரியப்பன் அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், பம்பு செட்டுக்குப் பின்னால் உடைமரத்தடியில் மூன்றடி ஆழத்தில் புதைத்து, மண்ணைத் தள்ளி மிதித்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்து வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அதற்குள் நாயின் எடை மட்டும் அவனை முந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்து, கயிற்றுக் கட்டிலில் ஏறி, அவன் மகள் நாகஜோதியின் பாதங்களின் மேல் வழக்கம்போலப் படுத்துவிட்டது.

முதலில் பார்த்தவள் அம்மாக்காரி சண்முகக்கனி. காலையிலிருந்து பிள்ளை சுவரில் பாதங்களை அறைந்துகொண்டிருந்தாள். பிடிக்கப்போன கையைக் கடித்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், உப்பளத்து மோட்டார் ஓடுகிற மாதிரி ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் கயிறு சட்டென்று தாழ்ந்தது. கத்தல் நின்றது. சண்முகக்கனி கையை நீட்டித் துழாவிப் பார்த்தாள். ரோமம் இல்லை, சூடு இல்லை, காற்றுதான் கையில் பட்டது. ஆனால் கட்டிலின் கயிறு, மூச்சு விடும் பிராணி ஒன்று படுத்திருந்தால் எப்படியோ அப்படி, மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, நாய நல்லா மூடுனியளா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"மூணடி தோண்டியிருக்கேன். கல்லு வேற வச்சிருக்கேன். ஏன்?"

"வந்துட்டு."

தங்கமாரியப்பன் ஈரக்காலோடு உள்ளே வந்து, கயிற்றைக் குனிந்து பார்த்தான், மகளின் முகத்தைப் பார்த்தான், துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எடை மட்டுந்தான வந்திருக்கு. இருந்துட்டுப் போவட்டும். சோறா வைக்கப்போறோம்" என்றான்.

நாகஜோதிக்கு அப்போது ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசியதில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துவாள், யார் கண்ணையும் பார்க்க மாட்டாள், காலி தீப்பெட்டிகளை வாசலில் இருந்து அடுப்படி வரை வரிசையாக அடுக்கி, ஒன்று நகர்ந்தாலும் முதலிலிருந்து தொடங்குவாள். யார் கை பட்டாலும் அவளுக்குத் தீப்பட்ட மாதிரி. பெற்றவள் கையும் அப்படித்தான். ஆனால் பாரமான பொருள் எதுவும் அவளுக்கு இதம். தவழும் வயதில் சுருட்டி வைத்த மெத்தைக்கு அடியில் நுழைந்து தூங்குவாள். மூன்று வயதில், பெருமழைக்குப் பிறகு ஒரு நாய்க்குட்டி எங்கிருந்தோ வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி நடந்து, நேரே அவள் பாதத்தின் மேல் ஏறிப் படுத்தது. அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் தங்கமாரியப்பன் கப்பல் என்று பேர் வைத்தான். நாய் வளர வளர அதன் எடை கூடியது. எடை கூடக் கூடப் பிள்ளைக்குள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அடங்கியது. நாய் அவளை நக்கியதில்லை, குரைத்து விளையாடக் கூப்பிட்டதில்லை. வந்து படுக்கும், அவ்வளவுதான். அவளுக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

டவுனில் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, பிள்ளையை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். "இது நோய் இல்லம்மா. மாத்தணும்னு பாக்காதீங்க. அவளுக்கு எது இதமா இருக்கோ அதத் தேடிக் கொடுங்க" என்றாள். சண்முகக்கனி தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நோய் இல்லாததற்கு எதற்கு ஆஸ்பத்திரியில் எழுதித் தருகிறார்கள் என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். அந்த வாரமே அவள் கரையடி அம்மனிடம் போய், பிள்ளை வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தால் போதும், அவள் எடைக்கு எடை உப்புத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அது நேர்ந்து இப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கப்பலின் எடை வந்து சேர்ந்த மறுநாள், எப்போதும்போல விடியற்காலையில் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். பிள்ளை கொட்டகை நிழலில் தீப்பெட்டி அடுக்கினாள். வெயில் ஏறியபோது, மேஸ்திரி அருமைநாயகம் பாத்தி வரப்பில் நின்றுகொண்டு கூச்சல் போட்டார். பாத்தியில் பொரிந்து படிந்திருந்த உப்பின் மேல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, நாய்க்கால் தடம் பூப்பூவாக விழுந்திருந்தது.

"ஏட்டி, யாரு நாய உள்ள விட்டது?"

"நாயி செத்துப்போச்சு அண்ணாச்சி" என்றாள் சண்முகக்கனி.

"செத்த நாய்க்குத் தடம் எப்படிட்டி விழும்?"

"எடை இருக்குல்லா."

அருமைநாயகம் தலைப்பாகையை அவிழ்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு குனிந்து ஒரு தடத்தை விரலால் அளந்தார். "எடை இருந்தா தடம் விழத்தான் செய்யும்" என்றார் கடைசியில். "மூணாம் பாத்திப் பக்கம் மட்டும் விடாத. அது கம்பெனிக்குப் போறது."

அளத்தங்குடியிருப்பில் மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள். அன்று பொழுது சாய்வதற்குள் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. சிலர் பேய் என்றார்கள். அடுத்த வீட்டுப் பாக்கியத்தாய்தான் அந்தப் பேச்சைச் சிரித்தே துரத்தினாள். அந்தத் தெருவில் எந்தச் சங்கதிக்கும் முதல் சிரிப்பு அவளுடையதுதான். "பேய்க்கு ஏதுட்டி எடை? பேய்க்கு எடை இருந்தா முருங்கமரம் ஒண்ணாவது நிக்குமா, அத்தனையும் முறிஞ்சுல்லா கெடக்கும்" என்றாள். நியாயந்தான் என்று பேய் என்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ரேஷன் கடை வாசல் படியில் வரிசை நின்ற ஒரு நாள், நாகஜோதி எடைத் தராசுக்கு அருகே போய் நின்றாள். தராசில் ஒன்றும் இல்லை. எண்கள் மட்டும் ஓடிப் பதினெட்டுக் கிலோ நானூறு என்று நின்றன. கடைக்காரர் துடைத்தார், அணைத்துப் போட்டார், பூஜ்யம் காட்டியது. மறுபடி கயிறு தாழ்வதுபோலத் தட்டு லேசாகத் தாழ்ந்து, மறுபடி பதினெட்டு நானூறு.

"போன மாசம் சீனி கொறையுதுன்னு என்னையத் திருடன்னியள்ளா" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார் அவர். "இப்பப் பாத்துக்கிடுங்க. செத்த நாயக்கூடக் கிராம் சுத்தமாக் காட்டுது எந் தராசு."

அதற்கப்புறம் எல்லாம் பழகிப்போனது. மினி பஸ்ஸில் நாகஜோதி ஏறினால் பக்கத்து இருக்கையில் ரெக்ஸின் அழுந்தும், யாரும் உட்கார மாட்டார்கள். கோலம் போடுகிற பெண்கள் ஈரத்தரையில் கப்பல் போகும் வழியை விட்டுப் போட்டார்கள். தெரு நாய்கள் அது வரும்போது எழுந்து நின்று, போனபின் படுத்தன. பிள்ளைகள் அதன் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். தண்ணீர் தரையில்தான் விழுந்தது. நாலு நாளில் அந்த விளையாட்டும் சலித்துவிட்டது. கல்யாண வீட்டு மொய் எழுதுகிற இடத்தில்கூட ஒருவன், "கப்பலு வந்திருக்கா, ஒரு எல போடவா?" என்று கேட்டு, அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அப்படித்தான் மாசியும் போனது, பங்குனியும் வந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம் பாக்கியத்தாய் ஒரு தூக்குச் சட்டியில் அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்தாள். வந்தவள் அங்கும் இங்கும் பார்த்து, "ஸ்ஸப்பா, என்னா வெயிலு" என்று சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, நாகஜோதி படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில் உட்காரப்போனாள்.

"தள்ளு" என்றாள் நாகஜோதி.

தெளிவாகச் சொன்னாள். ஒன்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளை சொல்வதுபோலச் சொன்னாள். பாக்கியத்தாய் பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றாள். சண்முகக்கனி களைந்துகொண்டிருந்த அரிசியைத் தரையில் கொட்டிவிட்டாள்.

"ஏளா... ஏளா சண்முகக்கனி... பேசிட்டா! என்னையத் தள்ளுங்கா!"

தெருவே கூடியது. இன்னொரு தரம் சொல்லு கண்ணு, சொல்லு தாயி என்று எல்லாரும் கேட்டார்கள். நாகஜோதி காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு சொல் என்றுதான் சண்முகக்கனி நேர்ந்திருந்தாள். அந்த ஒரு சொல் வந்துவிட்டது.

கரையடி அம்மன் கோயிலில் பணமோ பவுனோ யாரும் போடுவதில்லை. உப்பளத்து ஜனங்களின் சாமிக்கு உப்புதான். கோயில் முன்மண்டபத்து உத்தரத்தில் இரண்டு பலகைகளைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்ட துலாம் இருக்கும். நோவுள்ளவர் ஒரு பலகையில் உட்கார வேண்டும், மறு பலகையில் எடைக்கு எடை உப்பு. அந்த உப்பைப் பூசாரி தெப்பக்குளத்தில் கொட்டுவார். உப்பு தண்ணீரில் கரையக் கரைய, உட்கார்ந்தவரின் நோவும் கரையும். மருவும் வெண்குஷ்டமும் மட்டுமல்ல, வெளியே சொல்ல முடியாதவையும் அந்தத் தெப்பத்தில் கரைந்திருந்தன. ஆளின் எடைக்கு உப்புப் போட்டாலும் ஆள் கரைவதில்லை. ஏனென்றால் உடம்பு என்று ஒன்று இருந்து எடையைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது, நோவு மட்டும் பிடி விட்டுப் போகிறது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. சொல்லவேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

கோயிலின் சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு முதல் நாள் தங்கமாரியப்பன் புது உப்பில் இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்று கட்டி வைத்தான். பிள்ளை இருபத்துநாலு இருப்பாள், ஒரு கிலோ கூட இருந்தால் சாமிக்குத்தானே என்றான். சண்முகக்கனிக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. "நாயி கூட வந்து ஏறிக்கிடுமோ?" என்றாள்.

"ஏறுனா எறக்கி விடுவோம்."

"எதப் பிடிச்சு எறக்குவிய?"

தங்கமாரியப்பன் மூட்டையின் வாயை அவிழ்த்து இன்னொரு முறை இறுக்கிக் கட்டினான்.

கொடையன்று ஒலிபெருக்கி, மேளம், வேட்டு, வளையல் கடை, நாற்பத்திரண்டு வீட்டு ஜனம், வெளியூர் ஜனம். மண்டபத்தில் நுழைந்ததுமே நாகஜோதி கத்தத் தொடங்கினாள். பலகையில் உட்கார வைக்கப்போன தகப்பனின் கன்னத்தில் பிறாண்டினாள். தரையில் விழுந்து பாதங்களை அறைந்தாள். "பிள்ளைக்கு ஆகலைன்னா வேற நாளு பாப்போம்மா" என்று பூசாரி வேலாண்டி சொன்னார். அவர் நல்ல மனுஷன். ஆனால் பின்னாலிருந்து யாரோ, "வாயத் தொறந்து குடுத்த அம்மனுக்கு அத அடைக்கத் தெரியாதா" என்று முணுமுணுத்தது சண்முகக்கனி காதில் தெளிவாக விழுந்தது.

அப்போது பலகை லேசாக ஆடியது. யாரும் தொடவில்லை. சங்கிலி ஒரு கண்ணி அளவு இறங்கி நின்றது. நாகஜோதி கத்தலை நிறுத்தினாள். எழுந்தாள். தானாகவே போய், இருக்கிற ஒன்றுக்கு இடம் விட்டு, பலகையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மேளம் காது கிழிய அடித்துக்கொண்டிருக்க, அத்தனை ஜனத்துக்கு நடுவில், அம்மன் சிலைக்கு எதிரே அதே போல ஒரு சிலையாக அவள் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் குலவையிட்டார்கள். "புள்ளயப் பாரேன், மகராசி கணக்கா இருக்கா" என்றார்கள். ஒன்பது வருஷத்தில் சண்முகக்கனி தன் பிள்ளையைப் பற்றி ஒரு கூட்டத்தில் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

இருபத்தைந்து கிலோவையும் கொட்டியாயிற்று. பலகை எழும்பவில்லை.

"அம்மன் கேக்குதா! இன்னும் கேக்குதா!" என்று கூட்டம் பரவசப்பட்டது. அருமைநாயகம் தன் வீட்டிலிருந்து இன்னொரு மூட்டை எடுத்துவர ஆள் அனுப்பினார். மூட்டை வந்தது. பூசாரி இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார். ஒவ்வொரு கை உப்பும் யாருடைய எடைக்கு விழுகிறது என்று சண்முகக்கனிக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து நிறுத்துங்கள் என்று சொல்ல ஒரு நொடிதான் வேண்டும். அந்த நொடியில் அவள் இரண்டுக்குப் பயந்தாள்: நிறுத்தினால் அம்மன் கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்வாளோ என்று, நிறுத்தினால் இந்த ஜனம் தன் பிள்ளையைப் பார்க்கிற இந்தப் பார்வை மாறிவிடுமோ என்று. இரண்டாவது பயம் பெரிதாக இருந்தது. அதைப் பிற்பாடு தன்னிடமேகூட அவள் மறைக்கவில்லை. பலகை எழும்பி நேரானது. உப்பு முழுவதையும் தெப்பத்தின் கிழக்குப் படியில் கொட்டினார்கள். தண்ணீர் ஒரு முறை வெளுத்துத் தெளிந்தது.

மூன்றாம் நாள் கட்டில் கயிறு முன்னைப்போலத் தாழவில்லை.

அவள் யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். தராசு பதினைந்து தொள்ளாயிரம் காட்டியது. கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தராசை அணைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பதினொன்று இருநூறு. உடம்பு உள்ளவர்கள் கரையவில்லை. கப்பலுக்கு எடையைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

பிள்ளைக்கு அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டு வந்து பாதத்தின் மேல் வைத்துப் பார்த்தாள், எடுத்துவிட்டாள். செங்கல் வைத்துப் பார்த்தாள், எடுத்துவிட்டாள். தங்கமாரியப்பன் ஒரு பையில் பதினெட்டுக் கிலோ நானூறு உப்பை ரேஷன் கடைத் தராசிலேயே எடை போட்டுத் தைத்துக் கொண்டுவந்து அவள் பாதத்தின் மேல் வைத்தான். இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொண்டிருந்தாள். பை மூச்சு விடவில்லை. உதைத்துத் தள்ளிவிட்டு அந்தப் பழைய மோட்டார்க் குரலில் கத்தத் தொடங்கினாள்.

அன்று மாலையே சண்முகக்கனி கோயில் முன்னால் ஊரைக் கூட்டினாள். அவள் கேட்டது பெரிய காரியமில்லை. தண்ணீரிலிருந்து உப்பை எடுப்பது ஒன்றுதான் அந்த ஊருக்குப் பிறவியிலிருந்து தெரிந்த வேலை. தெப்பத்துத் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்துப் பக்கத்துத் தரிசில் பாத்தி கட்டி விட்டால், சித்திரை வெயிலுக்கு உப்பாகிவிடும். உப்பு திரும்பினால் எடையும் திரும்பும்.

ஆண்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். "அஞ்சு எச்.பி. மோட்டாரு ஒண்ணு போதும்." "தெப்பத்துக்கு அது எதுக்கு, மூணு போதும்." "தர களிமண்ணா இருக்கணும்வே, இல்லன்னா குடிச்சிரும்." அருமைநாயகம் குச்சியால் தரையில் பாத்திக்குக் கோடு போட்டே காட்டினார். சண்முகக்கனிக்கு அந்த ஐந்து நிமிஷம் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

பிறகு கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கிழவர், "எல்லாஞ் சரி, எம் மஞ்சக்காமாலையும் அதுலதான கரஞ்சு கெடக்கு?" என்று கேட்டார்.

கோட்டின் மேல் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"எந் தங்கச்சி வலிப்பு" என்றான் ஒருவன். "எங்க வீட்டுக்காரர் குடி" என்றாள் ஒருத்தி, தலையைக் குனிந்துகொண்டு. உப்பு யாருக்குப் பெயர் எழுதிக்கொண்டு கரைகிறது? கிழக்குப் படியில் கொட்டினது, மேற்குப் படியில் கொட்டினது, நேற்றுக் கொட்டினது, எழுபது வருஷத்துக்கு முன்னால் கொட்டினது, எல்லாம் ஒரே தண்ணீர். பாத்தியில் விட்டால் எல்லாம் சேர்ந்துதான் பொரிந்து வரும். அருமைநாயகம் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். சொல்லவில்லையே தவிர அவரும் அங்கே ஒன்றைக் கரைத்திருந்தார்.

சண்முகக்கனி பாக்கியத்தாயைப் பார்த்தாள். எதையும் சிரித்து ஒதுக்குகிறவள் இதையும் ஒதுக்கிவிடுவாள் என்று நம்பினாள். "யக்கா, நீயாச்சும் சொல்லு" என்றாள்.

பாக்கியத்தாய் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எட்டு வருசத்துக்கு முன்ன எம் மவன் சங்கு குளிக்கப் போனான், தெரியும்லா?"

"தெரியும்க்கா."

"முங்குனவன் ஏறல. ஒடம்புங் கெடைக்கல. நான் ஒரு வருசம் கெடந்தேன். சோறுன்னா என்ன, சேலன்னா என்னன்னு தெரியாது. தண்ணிக் கொடத்தப் பாத்தாலே அவன் உள்ள இருக்கானான்னு கைய விட்டுத் தொழாவுவேன். அப்புறந்தான் இந்தத் துலாத்துல ஏத்துனாவ. அம்பத்தோரு கிலோ உப்பு. ஏழு நாளு கரஞ்சுது. எட்டாம் நாளு எந்திரிச்சு இட்லிக்கு ஆட்டுனேன். அன்னைலேருந்து சிரிக்கேன்." அவள் சண்முகக்கனியின் முழங்காலைத் தொட்டாள். "அவன் மொகம் ஞாபகம் இருக்கு, நோவு இல்ல. அந்த நோவ மட்டும் திருப்பி எடுத்துக் குடுத்துராத தாயி. ஒனக்கு நாயி வேணும். எனக்குப் புரியுது. ஆனா ரெண்டாவது தடவ நான் தாங்க மாட்டேன்."

ஒரு நாயின் எடைக்காக ஒருத்தியின் மகனை மறுபடியும் கடலில் முக்கச் சொல்ல முடியுமா என்று சண்முகக்கனி யோசித்தாள். தன் பிள்ளைக்காக என்று கேட்டுப் பார்த்தாள். அப்படிக் கேட்டாலும் கேள்வி மாறவில்லை. யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. அவளாகவே எழுந்து, பின்பக்கத்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சரிக்கா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தராசுக்குப் போகவில்லை. கயிறே சொல்லியது. ஒரு நாள் ஒரு பூனை அளவு, ஒரு நாள் ஒரு கோழிக்குஞ்சு அளவு. ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் நாகஜோதி கட்டிலை விட்டு இறங்கவில்லை. அசைந்தால் அது விழுந்துவிடும் என்பதுபோல, சோற்றுக்கும் கையை நீட்டாமல், பாதங்கள் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோராம் நாள் முற்பகலில் வாசல் வழியாகக் கடற்காற்று ஒரு முறை உள்ளே வந்து போனது. பிள்ளை தன் பாதத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. அதுதான் சண்முகக்கனிக்குத் தாங்கவில்லை.

தெரு ஜனம் சொல்லாமலே அறிந்துகொண்டது. ஆனாலும் மினி பஸ்ஸில் நாகஜோதிக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. கோலம் போடுகிறவர்கள் அந்த வழியை அடைக்கவில்லை. தெரு நாய்கள் மட்டும் எழுந்து நிற்பதை விட்டுவிட்டன.

சண்முகக்கனி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், பிள்ளை சுவரைப் பார்த்துக் காலை நீட்டிப் படுத்திருக்கையில், அவள் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, அந்தப் பாதங்களையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து உப்புச் சட்டி சுமந்தவள். சட்டி தலையில் ஏறியதும் இருபதா, இருபத்திரண்டா என்று அவள் கழுத்தே சொல்லிவிடும். அவள் எடை நாற்பத்தாறு. அவ்வளவையும் போட்டால் அந்தப் பிஞ்சுக் கால் தாங்காது; கையை மட்டும் வைத்தால் பிள்ளைக்குத் தீப்பட்டதுபோல ஆகும். அவள் இரண்டு முழங்கைகளையும் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள். கயிற்றின் மேல் குறுக்காகக் கவிழ்ந்து, சேலையை இழுத்துக் கை படாமல் மூடிக்கொண்டு, நெஞ்சையும் வயிற்றையும் மெல்ல மெல்ல அந்தப் பாதங்களின் மேல் இறக்கினாள். ஐந்து. எட்டு. பன்னிரண்டு. மூச்சைச் சீராக விட்டாள். பதினாறு. பதினெட்டு. அங்கே நிறுத்தினாள். மிச்சமுள்ள அத்தனை எடையையும் முழங்கைகளில் வாங்கிக்கொண்டாள்.

பிள்ளையின் உடம்பு முழுவதும் விறைத்தது. சண்முகக்கனி அசையவில்லை. தலையைத் திருப்பி முகம் பார்க்கவும் இல்லை; பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. சற்று நேரத்தில் விறைப்பு கொஞ்சம் விட்டது. முழுதாக விடவில்லை. இது வேறு என்று அந்தப் பாதங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவை விலகாமல் இருந்தன.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. வெளியே பாக்கியத்தாய் யாரையோ கேலி செய்து சிரிக்கும் சத்தம் கேட்டது. கோயில் பக்கம் வேட்டுப் போட்டார்கள், யாருக்கோ துலாம். முழங்கைகளில் கட்டில் சட்டம் இறங்கி எரிந்தது. தன் கண்ணிலிருந்து வழிவது பிள்ளையின் காலில் பட்டுவிடக் கூடாது என்று முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டாள். பிறகு வலது கை ஒரு நொடி தளர்ந்தது. மூன்று கிலோ கூடுதலாக விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

நாகஜோதி பாதங்களை உருவிக்கொண்டாள். எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவற்றைத் தானே பொத்திக்கொண்டாள்.

சண்முகக்கனி முழங்கைகளைத் தடவிக்கொண்டே எழுந்து, உலை வைக்கப் போனாள். மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு துண்டை நான்காக மடித்துக் கட்டில் சட்டத்தில் போட்டு, அதன் மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, மூச்சை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடியும் இறக்கத் தொடங்கினாள்.